வெளிச்சவீட்டுக் கதையின் முடிவை வெளியே விட்டது யார்?

அன்புள்ள பிள்ளைகளே,

உங்கள் தொடரின் கடைசி அத்தியாயம் வெளிவரும் முன்பே அதன் பக்கங்கள் ஊரெல்லாம் சுற்றிவிட்டன என்று எழுதியிருந்தீர்கள். செய்தவரைக் கண்டுபிடிக்க ஒரு வழி சொல்லும்படியும் கேட்டிருந்தீர்கள். எனக்கு அந்த வழி தெரியாது. ஆயுளின் பெரும்பகுதியைப் படக்கதை வேலையில் கழித்தவள் நான். அப்படித் தேடப் போனவர்கள் என்ன செய்தார்கள் என்பதை மட்டும் ஒருமுறை கிட்ட நின்று பார்த்திருக்கிறேன். அதை எழுதுகிறேன். எங்கள் காலத்து வேலைமுறை இன்று உங்களுக்கு ஒன்றுக்கும் உதவாது, அதனால் அதை விட்டுவிடுகிறேன். நெருக்கடியில் மனிதர்கள் நடந்துகொள்ளும் விதம் அவ்வளவாக மாறியிருக்காது.

எழுபதுகளின் முற்பகுதி. இலங்கைக்கு இந்திய இதழ்கள் வருவதற்குக் கட்டுப்பாடு வந்திருந்தது. வாசிக்க ஏதும் கிடைக்காதா என்று சனம் தவித்த காலம். திருகோணமலையில், உட்துறைமுகத்தைப் பார்த்த ஒடுங்கிய தெருவொழுங்கை ஒன்றில் எங்கள் அச்சகம் இருந்தது. அதுவரை கப்பல் முகவர்களுக்குப் பற்றுச்சீட்டும் கலியாண வீடுகளுக்கு அழைப்பிதழும் அடித்துக்கொண்டிருந்த முதலாளி, துணிந்து ஒரு சித்திரக்கதை வார இதழைத் தொடங்கினார். அவர் கெட்ட மனிதர் அல்லர், அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும். அந்த ஊரில் ஒரு பெண்பிள்ளையை அச்சகத்து வேலைக்கு எடுக்க அப்போது வேறு யாரும் முன்வரவில்லை. அவர் எடுத்தார்.

எனக்குக் கிடைத்த வேலை, படங்களில் பேசுபவர்களின் வாயருகே வரும் வட்டங்களுக்குள் அவர்களின் பேச்சைக் கையால் எழுதுவது. படங்களை வரைந்தவர் தருமு அண்ணன். கதை எழுதியவர் இதழின் ஆசிரியர். பள்ளிக்கூடத்தில் படிப்பித்து ஓய்வு பெற்றவர் என்பதால் எல்லோருக்கும் அவர் மாஸ்டர். பெயர் சொல்வதை அவர் விரும்பமாட்டார். அச்சு இயந்திரத்தை ஓட்டியவர் நஸீர் நானா. முஸ்லிம் அண்ணன்மாரை நாங்கள் நானா என்றுதான் கூப்பிடுவோம். குறிஞ்சாக்கேணியில் இருந்து தினமும் கிண்ணியாத் துறையைப் பாதையில் கடந்து வருவார். பாதை என்று நாங்கள் சொல்வது ஆட்களையும் வண்டிகளையும் ஏற்றி அக்கரை சேர்க்கும் தட்டைப் படகை. நாற்பது வயதுக்கு மேல் இருக்கும். அதிகம் கதைக்கமாட்டார். மெசின் ஓடும்போது அதன் சத்தத்துக்குக் காது கொடுத்தபடியே நிற்பார்.

மாஸ்டர் எழுதிய வெளிச்சவீட்டுக் கதைதான் எங்கள் இதழைத் தூக்கி நிறுத்தியது. ஒரு தீவு. அதில் கப்பல்களுக்கு வழி காட்டும் ஒரு வெளிச்சவீடு. இருட்டில் யாரோ பொய் விளக்குக் காட்டிக் கப்பல்களைப் பாறையில் மோத வைக்கிறார்கள். யார்? உடைந்த கப்பலின் பொருட்களை வாங்கி விற்கும் வியாபாரியில் சனம் சந்தேகப்பட்டது. வெளிச்சவீட்டைக் காக்கும் கிழவனில் சிலர் சந்தேகப்பட்டார்கள். உண்மையில் அது, கப்பல் உடையும்போதெல்லாம் கையில் விளக்கோடு ஓடிவந்து ஆட்களைக் கரையேற்றும் வைத்தியர். ஊரே கும்பிடும் அந்த மனிதர்தான் பொய் விளக்கையும் காட்டியவர்.

முடிவு நெருங்கும்போது முதலாளி ஒரு போட்டி வைத்தார். பொய் விளக்குக் காட்டுபவர் யார் என்று இதழில் உள்ள கூப்பனில் எழுதி அனுப்ப வேண்டும். சரியாகச் சொன்னவர்களில் ஒருவருக்குப் புதுச் சைக்கிள். சைக்கிள் வாங்குவது இலேசாக இல்லாத காலம் அது. முன்னறையில் அதைத் துணி போர்த்தி நிறுத்தியிருந்தார்கள். வீதியால் போகிறவர்கள் எட்டிப் பார்த்துவிட்டுப் போவார்கள்.

ஊரில் முடிவு தெரிந்தவர்கள் ஐந்து பேர்தான்: முதலாளி, மாஸ்டர், வரைந்த தருமு அண்ணன், வட்டங்களுக்குள் எழுதிய நான், நஸீர் நானா. கடைசிப் பக்கத்தின் உலோக அச்சுகளைக் கொழும்பில் செய்வித்து ரயிலில் எடுப்பித்திருந்தோம். அவை சரியாக விழுகின்றனவா என்று நஸீர் நானா ஒரு தாள் அடித்துப் பார்த்தார். பிறகு அந்தத் தாளையும் அச்சுகளையும் முதலாளி தன் அலுமாரியில் வைத்துப் பூட்டினார்.

கூப்பன்கள் வந்தன. மாவட்டம் முழுவதிலும் இருந்து வந்தவற்றில் பெரும்பாலானோர் வியாபாரியையே எழுதியிருந்தார்கள். புல்மோட்டைக்காரர் சிலர் கதையில் வரும் ஒரு மாலுமியை எழுதியிருந்தார்கள். குறிஞ்சாக்கேணியில் இருந்து வந்த கூப்பன் கட்டை, என் மேசைக்கு எதிரே இருந்து முதலாளியே பிரித்தார். ஒன்றுக்குப் பின் ஒன்றாக, வைத்தியர், வைத்தியர், வைத்தியர்.

அவருடைய முகம் மாறியதை என் மேசையில் இருந்தே கண்டேன். எழும்பி மெசின் அறைக்குப் போய், "நிப்பாட்டு" என்றார். மெசின் நின்றது. எங்கள் எல்லோரையும் கூப்பிட்டார். எழுத்துக் கோர்க்கும் ஆட்களும் தாள் மடிக்கும் பெண்களும் சுவரோரமாக வந்து நின்றார்கள்.

"இந்த முடிவு தெரிஞ்ச ஆக்கள் அஞ்சு பேர்," என்றார் முதலாளி. "அந்த அஞ்சு பேரில குறிஞ்சாக்கேணியில இருந்து வாறது ஆர்?"

அவருடைய பார்வை நஸீர் நானாவில் போய் நின்றது.

என் பக்கம் திரும்பினார். "பிள்ளை, நீ ஆருக்கும் சொன்னனியா?"

"இல்லை முதலாளி."

"நஸீர் தாள் அடிச்சுப் பார்க்கேக்க நீ பக்கத்தில நிண்டனியா?"

"ஓம்."

"அவன் அதை வாசிச்சவனா?"

"வாசிச்சுத்தானே பார்க்க வேணும், எழுத்து எல்லாம் விழுந்திருக்கோ எண்டு..."

"வாசிச்சிருக்கிறான்," என்றார் முதலாளி. என் பதிலில் அந்த ஒரு சொல்லை மட்டும் எடுத்துக்கொண்டார்.

அடுத்தது தருமு அண்ணன். அவர் பயந்த சுபாவம். கேட்ட கேள்விக்கு ஏதாவது சொல்லியே ஆக வேண்டும் என்று நினைக்கிற ஆள். "எனக்கு ஒண்டும் தெரியாது முதலாளி. நஸீர் இடைக்கிடை பழுதாப்போன தாள் வீட்ட கொண்டு போறவர். அது பிள்ளையளுக்குப் படம் பார்க்க. எனக்குத் தெரிஞ்சது அவ்வளவுதான்."

அது உண்மைதான். நஸீர் நானா மை பிசகிய தாள்களைப் பிள்ளைகளுக்குக் கொண்டு போவார், எங்கள் எல்லோருக்கும் தெரியும். ஆனால் அவை வெளிவந்து முடிந்த இதழ்களின் தாள்கள். கடைசிப் பக்கத்தின் தாள் அலுமாரிக்குள் இருந்தது. நான் சொன்னதும் உண்மை, தருமு அண்ணன் சொன்னதும் உண்மை, நஸீர் நானாவின் ஊர் குறிஞ்சாக்கேணி என்பதும் உண்மை. மூன்று உண்மைகளை வரிசையாக வைத்ததும் அந்த அறையில் ஒரு குற்றவாளி உருவாகிவிட்டார். பிற்காலத்தில் பல தடவை கண்டிருக்கிறேன், இப்படியான இடங்களில் பொய்யை விட இதுதான் ஆபத்தானது. பொய் சொன்னவனை ஒரு நாள் பிடித்துவிடலாம். அங்கே ஒருவரும் பொய் சொல்லவில்லை.

"நஸீர், நாளைக்கு நீ வர வேண்டாம்," என்றார் முதலாளி. "இவ்வளவு காலம் உன்னை நம்பினதுக்கு நல்ல வேலை செய்திருக்கிறாய். மிச்சத்தைப் பொலிசில பேசிக்கொள்."

நஸீர் நானா துணியால் கையைத் துடைத்தார். முதலாளியின் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்துக்கொண்டு நின்றார். எதையோ எதிர்பார்த்து நிற்பதுபோல இருந்தது. முதலாளி முன்னறைப் பக்கம் திரும்பிவிட்டார். ஆணியில் தொங்கிய சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டு நஸீர் நானா வெளியே போனார். அதோடு முடிந்தது என்று நாங்கள் நினைத்தோம்.

முடியவில்லை. அன்று பின்னேரம் முதலாளி மாஸ்டரைக் கூப்பிட்டார். முன்னறைக்கும் என் மேசைக்கும் இடையில் ஒரு பலகைத் தட்டிதான். எல்லாம் கேட்கும்.

"முடிவை மாத்துங்கோ மாஸ்டர். வைத்தியர் இல்லை. வேற ஆர் எண்டாலும் பரவாயில்லை."

"ஒரு வருசமா அந்த மனிசனுக்குத்தான் வழி வெட்டிக்கொண்டு வந்தனான். ஒவ்வொரு படத்திலயும் தடயம் கிடக்கு. இப்ப மாத்தினால், உண்மையா யோசிச்சுக் கண்டுபிடிச்ச பிள்ளையளை நாங்கள்தான் ஏமாத்துறம்."

"மாத்தாட்டில் களவெடுத்த விடைக்குச் சைக்கிள் குடுக்க வேணும். நாளைக்கு இதழ் விக்கிற கடைக்காரர் என்ன சொல்லுவினம்? போட்டியே பொய் எண்டுவினம். நான் பொலிசுக்குப் போறன். நஸீரை உள்ள வைச்சால்தான் சனம் நம்பும்."

 பிறகு மாஸ்டர், "முடிவை மாத்தித் தந்தால் பொலிசுக்குப் போகமாட்டீங்களோ?" என்று கேட்டார்.

"போகமாட்டன்."

"சரி, மாத்துறன்."

வெளியே வந்தவரிடம், "மாஸ்டர், நஸீர் நானா செய்திருப்பார் எண்டு நினைக்கிறீங்களா?" என்று கேட்டேன்.

"தெரியாது பிள்ளை," என்றார். "செய்தவர் எண்டும் தெரியாது, செய்யேல்லை எண்டும் தெரியாது. ஆனால் பொலிசில அடி வாங்கிற அளவுக்கு இது ஒரு விசயம் இல்லை எண்டு தெரியும். இப்போதைக்கு அது காணும்."

என் வேலைவாழ்க்கையில் கேட்ட மிக நிதானமான வார்த்தைகள் அவை. ஒன்றும் உறுதியாகத் தெரியாத நேரத்தில், முதலில் எந்தக் கேட்டைத் தடுக்கலாம் என்று பார்த்தார். தடுப்பதற்குத் தன் கையில் இருந்த கதையைக் கொடுத்தார். ஒரு வருடத்து உழைப்பு அது.

புது முடிவில் குற்றவாளி, வெளிச்சவீட்டைக் காக்கும் கிழவன். கதை முழுவதும் நல்லவனாக வந்த மனிதன். மனைவி செத்த பிறகும் ஒரு நாளும் விளக்கை அணைய விடாதவன். தருமு அண்ணன் வரைந்து முடித்து என் மேசையில் வைத்தார். அந்தக் கிழவனின் வாயருகே வட்டம் வெறுமையாக இருந்தது. அதற்குள் நான் எழுத வேண்டியது: 'ஆம், எல்லாக் கப்பல்களையும் உடைத்தது நான்தான்.'

அந்த ஒரு வரியை எழுத எனக்கு நெடுநேரம் பிடித்தது. மை காய்ந்த பேனாவைத் திரும்பத் திரும்பத் தோய்த்தேன். தருமு அண்ணன் கிழவனின் கண்ணை வரைந்த விதத்தில், அவன் செய்யாததைச் சொல்கிறான் என்பது பார்த்தவுடனே தெரிந்தது. கை பொய் சொல்லப் பழகாதவர் அவர். எழுதி முடித்து, பக்கத்தை மாஸ்டரின் மேசையில் வைத்தேன். இரண்டு நாள் கழித்துக் கொழும்பு ரயிலில் அனுப்புவதாக இருந்தது. இடையில் ஒரு விடுமுறை வந்தது.

அந்த விடுமுறையில், "நான் நஸீரைப் பார்க்கப் போறன். நீயும் வா பிள்ளை," என்றார் மாஸ்டர். "வேலை போன மனிசனைப் போய்ப் பார்க்காமல் இருக்கிறது சரியில்லை."

பஸ்ஸில் போய், துறையில் பாதை ஏறினோம். பாதையில் நின்ற இளைஞர்கள் எங்கள் இதழைப் பற்றித்தான் கதைத்துக்கொண்டு வந்தார்கள். மாஸ்டரை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை. அவரும் ஒன்றும் கேட்கவில்லை. தண்ணீரைப் பார்த்தபடி நின்றார்.

நஸீர் நானாவின் வீட்டில் எங்களுக்குக் கதிரை போட்டார்கள். அவர் எதிரே நின்றார். இருக்கச் சொல்லியும் இருக்கவில்லை. அவருடைய மனைவி தேத்தண்ணி கொண்டுவந்து வைத்தார். வைத்த கையோடு, அதுவரை அடக்கி வைத்திருந்தது வெளியே வந்தது.

"மாஸ்டர், உங்கட முதலாளி என்ட கூடப் பொறந்த காக்காட மகள்ட கலியாணத்துக்கு வந்தவர்தானே. பந்தல்ல இருந்தவர்தானே. பொடியன்மார் சுத்தி நிண்டு கேட்டாங்க, ஆர் முதலாளி அந்தப் பொய் விளக்குக் காட்டுறவன் எண்டு. அவர் சிரிச்சுச் சிரிச்சுச் சென்னார், காப்பாத்த வாறவன்ட கைய நல்லாப் பாருங்கடா எண்டு. பந்தல் முழுக்கக் கேட்டது. அடுத்த நாள் ஊர் முழுக்கக் கூப்பன் எழுதினாங்க. பழி மட்டும் என்ட மனிசன்ட தலையில!"

மாஸ்டர் தேத்தண்ணிக் கோப்பையைக் கீழே வைத்தார். "நஸீர், இது உமக்குத் தெரியுமா?"

"தெரியும் மாஸ்டர். நானும் பந்தல்ல நிண்டவன்தானே. சோறு போட்டுக்கிட்டு நிண்டன்."

எனக்குத் தாங்க முடியவில்லை. "அப்ப ஏன் நானா அண்டைக்கே சொல்லேல்லை?"

அவர் என்னைப் பார்த்தார். குரலில் கோபம் இல்லை.

"என்னட்ட ஆரு கேட்ட தங்கச்சி? உங்களிட்டக் கேட்டார். தருமுவிட்டக் கேட்டார். என்னட்ட ஒரு வார்த்தை கேக்கல்ல. நாளைக்கு வராத எண்டுதான் சென்னார். கேட்பார், கேட்டாச் செல்லுவம் எண்டு நிண்டு பார்த்தன். கேக்காத ஒண்டுக்கு நான் எப்படிப் பதில் செல்ற? முதலாளிதான் சென்ன எண்டு நானே வாயத் திறந்தா, தப்புறதுக்குப் பெரிய மனிசன்ல பழி போடுறான் எண்டு நீங்களே செல்லியிருப்பீங்க."

உண்மை. அப்படித்தான் சொல்லியிருப்போம்.

நீங்கள் இதை வாசிக்கும்போது இந்த இடத்தில் கொஞ்சம் நில்லுங்கள். நாங்கள் எல்லோரும் அந்த அறையில் விசாரணை நடந்தது என்று நினைத்துக்கொண்டிருந்தோம். கேள்விகள் கேட்கப்பட்டன, பதில்கள் சொல்லப்பட்டன. ஆனால் அந்தக் கேள்விகள் எல்லாம் நஸீர் நானாவைப் பற்றி மற்றவர்களிடம் கேட்கப்பட்டவை. அவரிடம் ஒன்றுகூட இல்லை.

எழும்பும்போது மாஸ்டர், "திரும்ப வேலைக்கு வருவீரா?" என்று கேட்டார்.

"எல்லாருக்கும் முன்னால சென்னது மாஸ்டர். எல்லாருக்கும் முன்னாலயே திரும்ப எடுக்கணும். எடுத்தா வாறன்."

அடுத்த நாள் காலையில் பலகைத் தட்டிக்கு அந்தப் பக்கத்தில் இருந்து மாஸ்டரின் குரல் கேட்டது. கலியாண வீட்டுக் கதையைச் சுருக்கமாகச் சொன்னார். முதலாளி மறுக்கவில்லை.

"அது பகிடிக்குச் சொன்னது மாஸ்டர். கலியாண வீட்டில நாலு பேர் கேட்டால் வாயைப் பொத்திக்கொண்டே இருக்கிறது? இதழுக்கும் நல்லதுதானே, சனம் கதைக்கும் எண்டு நினைச்சன்."

"அதே கதையை நஸீர் சொல்லியிருந்தால்?"

 முதலாளி கலியாண வீட்டை மறந்திருக்கவில்லை என்றே நான் நம்புகிறேன். அதையும் இரகசியம் வெளியே போனதையும் அவர் சேர்த்துப் பார்க்கவே இல்லை. மெசின்காரன் சொன்னால் அது துரோகம். தான் சொன்னால் விளம்பரம். இரண்டும் ஒரே காரியம் என்பது அவருடைய தலைக்குள் போகவில்லை. மேலே இருப்பவர்கள் பலரை இப்படிப் பார்த்திருக்கிறேன். அவர்கள் பொய்யர்கள் அல்லர். தேடும்போது தங்களைத் தேடுவதில்லை, அவ்வளவுதான்.

"சரி, அவனை வரச் சொல்லுங்கோ," என்றார் கடைசியில். "வேலையைக் குடுக்கிறன். ஒரு கதையும் வேண்டாம்."

"எல்லாருக்கும் முன்னால நீங்கள் சொன்னால்தான் வருவார்."

"நான் முதலாளி, மாஸ்டர்."

"ஓம். அதாலதான் நீங்கள் சொல்ல வேணும்." தாள் கிழியும் சத்தம் கேட்டது. "வெளிச்சவீட்டுக்காரனைக் குற்றவாளியாக்கின பக்கம் இது. நான் பொலிசுக்குப் பயந்து எழுதினது. இனி அந்தப் பயம் இல்லை. உங்களுக்கு வேணுமெண்டால் வேற ஆளைக்கொண்டு எழுதுவியுங்கோ. அப்ப இதழில என்ர பெயர் இருக்கக் கூடாது."

நான் அவ்வளவு பாடுபட்டு எழுதிய எழுத்துத்தான் கிழிந்தது. மனதில் இருந்து ஒரு கல்லை இறக்கி வைத்தது போல இருந்தது.

முதலாளிக்கு இரண்டு நாள் பிடித்தது.  பிறகு நஸீர் நானாவுக்கு ஆள் அனுப்பினார். அவர் வந்தார். மெசின் அறையில் எல்லோரையும் கூப்பிட்டு முதலாளி தொண்டையைச் செருமினார்.

"போன கிழமை இந்த இடத்தில ஒரு பிழை நடந்து போச்சு. அதை மனசில வைச்சிருக்க வேண்டாம். நஸீர் இனி வேலைக்கு வருவார்."

தாள் மடிக்கும் பெண்கள் ஒருவரை ஒருவர் பார்த்துச் சிரித்தார்கள். எல்லாம் சரியாகிவிட்டது என்று நானும் நினைத்தேன். நஸீர் நானா அசையவில்லை.

"நடந்து போகல்ல முதலாளி," என்றார். மரியாதையான குரல்தான். "ஆரோ ஒரு ஆள் செஞ்சது. அண்டைக்கு என்ட பேரச் சென்னீங்க. இண்டைக்கு என்னத்துக்குப் பேர் இல்லாமச் செல்றீங்க?"

மெசின் நின்றிருந்தபடியால் துறைமுகத்தில் ஏதோ ஒரு கப்பல் சங்கு ஊதியதுகூடக் கேட்டது. முதலாளி மாஸ்டரைப் பார்த்தார். மாஸ்டர் உதவிக்கு வரவில்லை. அவர் வந்திருந்தால் இன்னொரு மெல்லிய வசனம் கிடைத்திருக்கும்.

"நான்தான் சொன்னனான்," என்றார் முதலாளி. "கலியாண வீட்டில, நான்தான். நஸீர் ஒருத்தருக்கும் சொல்லேல்லை."

சொல்லி முடித்ததும் அவர் ஒரேயடியாக வயது போனவர்போல இருந்தார். சொன்னதற்காக அவரை நான் இன்றுவரை மதிக்கிறேன். சொல்லாமல் செத்துப்போன எத்தனையோ பேரை எனக்குத் தெரியும்.

அலுமாரியைத் திறந்து பழைய அச்சுகளை எடுத்தார்கள். வைத்தியர்தான் குற்றவாளி என்ற உண்மையான முடிவோடு, கதை முடியும் இதழ் வந்தது. விடை எங்கள் பக்கத்தில் இருந்தே வெளியே போய்விட்டதால், சரியோ பிழையோ கூப்பன் அனுப்பிய எல்லோருடைய பெயரையும் குலுக்கிச் சைக்கிளைக் கொடுப்பதாக அதில் ஒரு அறிவித்தல் போட்டார் மாஸ்டர். கடைக்காரர்கள் சிலர் முறைத்தார்கள். அடுத்த கிழமையும் இதழை வாங்கினார்கள்.

சில வருடங்களில் இந்திய இதழ்கள் திரும்ப வரத் தொடங்கின. எங்கள் இதழ் நின்றது. நான் வேறு இடங்களில் வேலை செய்தேன், ஆசிரியராகவும் இருந்தேன். என் பொறுப்பில் இருந்த கதைகளின் முடிவுகளும் வெளியே போயிருக்கின்றன. சிலவற்றுக்கு யார் காரணம் என்று தெரிந்தது. சிலவற்றுக்குக் கடைசிவரை தெரியவில்லை. தெரியாமலே அடுத்த இதழுக்கு வேலை செய்தோம். அது இலேசல்ல. பக்கத்து மேசைக்காரர் சிரித்தால்கூட ஏன் சிரிக்கிறார் என்று மனம் கேட்கும். ஆனால் தெரியாமல் இருப்பதைத் தாங்க முடியாதவர்கள்தான் ஒரு பெயரைத் தேடி ஓடுகிறார்கள். கிட்ட நிற்பவரின் பெயர் முதலில் கைக்கு வரும். நீங்கள் கேட்ட வழிக்குப் பதிலாக என்னால் தரக்கூடியது இவ்வளவுதான். சம்பந்தப்பட்டவரிடமே முதலில் கேளுங்கள், பதிலைக் கேட்கும் எண்ணத்தோடு கேளுங்கள். மேலே இருப்பவர்களிடமும் கேளுங்கள். அதன் பிறகும் தெரியாவிட்டால், தெரியாது என்று சொல்லிவிட்டு வேலையைப் பாருங்கள்.

இன்னும் ஒன்று மிச்சம் இருக்கிறது. நஸீர் நானா எங்களோடு இருக்கவில்லை.

கதை முடிந்த அந்த இதழை அவர்தான் அடித்தார். அவ்வளவு சுத்தமாக எங்கள் இதழ் அதற்கு முன் வந்ததில்லை. கட்டுகள் எல்லாம் போன பிறகு மெசினைத் துடைத்து எண்ணெய் விட்டார். கைகழுவிக்கொண்டு வந்து, கந்தளாய்ப் பக்கம் ஒரு வேலை கிடைத்திருக்கிறது, போகப்போகிறேன் என்றார். முதலாளி பதறிப்போய், சம்பளம் கூட்டித் தருவதாகச் சொன்னார். நஸீர் நானா வேண்டாம் என்று தலையசைத்து, அவருக்கு ஸலாம் சொல்லிவிட்டு வெளியே வந்தார். அவருக்குப் பின்னால் நானும் தருமு அண்ணனும் ஒழுங்கை வரை ஓடினோம்.

"முதலாளிதான் எல்லாருக்கும் முன்னால சொல்லிட்டாரே நானா," என்றேன். "பிறகும் ஏன்?"

"முதலாளியோட எனக்கு ஒரு கோவமும் இல்ல தங்கச்சி. அவர் செஞ்சதைச் செல்லிட்டார். அது முடிஞ்சது."

தருமு அண்ணன் ஏதோ சொல்ல வாயெடுத்தார். நஸீர் நானா அவருடைய தோளில் கை வைத்தார்.

"அண்டைக்கு நான் சேட்டைப் போட்டுக்கிட்டு வெளிய போகக்குள்ள உங்க எல்லாரையும் ஒருக்காத் திரும்பிப் பார்த்தன். ஒரு ஆள்கூட என்ட முகத்தைப் பார்க்கல்ல. எல்லாரும் நிலத்தைப் பார்த்துக்கிட்டு நிண்டீங்க. இத்தனை வருசம் பக்கத்தில நிண்டு வேலை செஞ்ச ஆக்கள். அதுக்குப் பேரச் செல்லி ஆரும் மன்னிப்புக் கேக்க ஏலாது, நானும் கேக்கச் செல்லல்ல. ஆனா ஒவ்வொரு நாளும் அதே ஆக்களுக்குப் பக்கத்தில நிக்க என்னால ஏலாது."

பஸ் வந்தது. அவர் ஏறினார். யன்னலோரம் இருந்தவர் எங்களைப் பார்த்துக் கையை உயர்த்தினார்.